லூம் ஆடப் போகிறீர்களா? நோட்டும் பென்சிலும் எடுத்து வையுங்கள்

சுட்டியால் சொடுக்கியே ஆடும் பழைய காலத்துக் கணினி ஆட்டம் (பாயிண்ட் அண்ட் க்ளிக்) ஒன்றை ஆடிப் பார்க்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது லூம். 1990இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்டது. வடிவமைத்தவர் பிரையன் மோரியார்ட்டி. அதற்கு முன் இன்ஃபோகாம் நிறுவனத்தில், படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து ஆடும் ஆட்டங்களைச் செய்துகொண்டிருந்தவர். லூம் சின்ன ஆட்டம். நிதானமாக ஆடினாலும் இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

சொல்லி அனுப்பிய பிறகு வருகிற புகார்கள் இரண்டு வகை. ஒன்று, “இவ்வளவுதானா?” இன்னொன்று, “என்ன செய்வதென்றே புரியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.” இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாவதை முழுக்கத் தவிர்த்துவிடலாம். முதலாவதைப் பாதியாவது குறைக்கலாம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். தொடக்கத்தில் வரும் ஒன்றிரண்டைத் தவிர, புதிர்களின் விடையை இங்கே உடைக்கப் போவதில்லை.

எந்தப் பதிப்பை ஆடுவது

இன்று கடையில் கிடைப்பது 1992இல் குறுந்தகட்டில் வந்த பதிப்பு. ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகள் இரண்டிலும் வாங்கலாம். 256 வண்ணங்கள், பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இதுவே போதும், யோசிக்காமல் வாங்குங்கள்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தகட்டில் பேச்சைப் பாட்டு சிடியில் இருப்பதுபோல ஒலித்தடமாகவே பதிந்திருந்தார்கள். தகட்டின் கொள்ளளவு போதவில்லை. அதனால் வசனங்களைச் சுருக்கி, சில இடங்களில் மாற்றியும் எழுதினார்கள். முதல் பதிப்பில் பேசும்போது வரும் பெரிய முகப்படங்களும் போய்விட்டன. 1990இல் வந்த மூலப் பதிப்பில் வெறும் 16 வண்ணங்கள்தான். ஆனால் மார்க் ஃபெராரி என்ற ஓவியர், இரண்டு வண்ணப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து இல்லாத மூன்றாவது வண்ணத்தைக் கண்ணுக்குக் காட்டும் வித்தையில் அந்த வானங்களையும் காடுகளையும் வரைந்திருந்தார். நீலமும் கறுப்பும் கலந்த அந்த இரவுகளின் அழகு 256 வண்ணத்தில் சற்றுக் குறைந்துவிட்டது என்பது என் கட்சி. இதை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள், விடுங்கள்.

பழைய ஃப்ளாப்பிப் பதிப்பு உங்களிடம் இருந்தால் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். அது கைப்பேசியிலும் ஓடும். ஆட்டத்தின் கோப்புகள் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் எல்லாம் நடப்பது சுரம் வாசிக்கும் ஒரு கோலால்தான்; தொடுதிரையில் அதன் சுரங்களைத் தட்டுவது சுட்டியால் சொடுக்குவதைவிடச் சுகமாகவே இருக்கிறது, ஆனால் திரை சிறியதாக இருந்தால் விரல் பக்கத்துச் சுரத்தில் விழும். முதல் முறை கணினியிலேயே ஆடுங்கள்.

முன்கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அந்தக் காலத்தில் ஆட்டப் பெட்டிக்குள் ஒலிநாடா ஒன்று இருந்தது. ஏறக்குறைய அரை மணி நேர வானொலி நாடகம் போன்றது. கதையின் முதல் அங்கமே அதில்தான். இன்று நேராக ஆட்டத்தைத் திறக்கிறவர் இரண்டாம் அங்கத்தில் அரங்குக்குள் நுழைந்தவர் மாதிரிதான். பெரியவர்கள் ஏதோ கோபமாகப் பேசுகிறார்கள், அன்னம் ஒன்று பறந்து வருகிறது, யார் யார் என்று புரிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. நாடகம் கையில் கிடைத்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இதை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம்:

தொழிலுக்கொரு சங்கமாக மனிதர்கள் பிரிந்து வாழும் உலகம். கொல்லர்கள் ஒரு பக்கம், மேய்ப்பர்கள் ஒரு பக்கம், கண்ணாடி செய்கிறவர்கள் ஒரு பக்கம். நெசவாளர் சங்கம் தன் கலையில் அவ்வளவு தூரம் போய்விட்டது, துணியை விட்டு இந்த உலகத்தின் இழைகளையே நெய்யத் தொடங்கிவிட்டது. ஊர் பயந்தது. நெசவாளர்கள் ஒரு தீவுக்கு ஒதுங்கிப் போனார்கள். வெளியாரோடு கலப்பே இல்லாததால் சங்கம் தேய்ந்துகொண்டே வந்தது. சிக்னா த்ரெட்பேர் என்ற பெண், தறியின் சக்தியால் இதைச் சரிசெய்யுங்கள் என்று மூப்பர்களிடம் மன்றாடினாள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவளே தறியில் சாம்பல் நிற இழை ஒன்றைச் செருகினாள். தறியிலிருந்து ஒரு குழந்தை வந்தது. தண்டனையாக அவளை அன்னமாக மாற்றி விரட்டிவிட்டார்கள். குழந்தையை ஹெட்செல் என்ற கிழவி வளர்த்தாள். அந்தக் குழந்தைதான் நம் ஆள், பாபின். ஆட்டம் தொடங்கும்போது அவனுக்குப் பதினேழாவது பிறந்தநாள்.

லூம் என்றால் தறி, அது தெரிந்ததுதான். பாத்திரங்களின் பெயர்களையும் கவனியுங்கள். பாபின் என்ற சொல் தறிக்கூடத்திலும் தையல்கடையிலும் இன்றும் புழங்குவதுதான். த்ரெட்பேர் என்றால் நைந்து இழை தெரிகிற துணி. மூன்று மூப்பர்களின் பெயர்கள் கிரேக்கத் தொன்மத்தில் வரும் விதி தேவதைகள் மூவருடையவை. மனித ஆயுள் என்ற நூலை ஒருத்தி நூற்பாள், ஒருத்தி அளப்பாள், ஒருத்தி வெட்டுவாள். வெட்டுகிறவளின் பெயர் அட்ரபோஸ். அவள் பெயர் கொண்டவர்தான் இங்கே பாபினைக் கண்டாலே ஆகாதவர்.

கையில் இருப்பது ஒரு கோல் மட்டும்

மற்றச் சாகச ஆட்டங்களில் திரையின் கீழே ‘எடு’, ‘தள்ளு’, ‘பேசு’ என்று வினைச்சொற்கள் வரிசையாக நிற்கும். எடுத்த பொருளெல்லாம் மூட்டையில் சேரும். கயிறு, வாளி, ரப்பர் கோழி என்று எதையாவது எதனோடாவது சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். லூமில் மூட்டையும் கிடையாது, வினைச்சொல்லும் கிடையாது. பாபின் கையில் நூல் நூற்கிற கோல் ஒன்று வரும். அதில் எட்டுச் சுரங்கள். நான்கு சுரத்தை வரிசையாக வாசித்தால் ஒரு மந்திரம். ஆட்டத்தில் இதை டிராஃப்ட் என்கிறார்கள்; நான் இங்கே ‘இழை’ என்றே சொல்கிறேன்.

கைப்பழக்கம் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடும். ஒரு பொருளின் மேல் ஒரு முறை சொடுக்கினால் அதன் சின்னப் படம் கீழே வலது மூலையில் வந்து உட்காரும். இதன் மேல்தான் மந்திரம் போடப்போகிறாய் என்று ஆட்டம் சொல்கிறது. இரண்டு முறை சொடுக்கினால் பாபின் அதை எட்டிப் பார்ப்பான், தொடுவான். சில பொருள்கள் பதிலுக்கு நான்கு சுரம் ஒலிக்கும். உடனே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வேறொரு பொருளைத் தேர்ந்து, கோலில் அதே நான்கைச் சொடுக்கினால் மந்திரம் பாயும். ஆட்டம் முழுவதும் செய்யப்போவது இதைத்தான்.

தொடக்கத்தில் கோலில் முதல் மூன்று சுரங்கள்தான் உயிரோடு இருக்கும். இழைகளை நூற்க நூற்க மற்றவை ஒவ்வொன்றாக வரும். ஓர் இழை காதில் விழுந்தும் உங்களால் வாசிக்க முடியவில்லை என்றால் தப்பு செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தச் சுரம் உங்கள் கோலுக்கு இன்னும் வரவில்லை. எழுதி வைத்துவிட்டு நகருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது நான்கைத் தட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். மூன்று சுரம் இருக்கும்போதே 81 சேர்க்கைகள். எட்டும் வந்துவிட்டால் 4,096. வேண்டாம்.

நோட்டு: இதில் மட்டும் சோம்பல் கூடாது

இந்த ஆட்டம் நீங்கள் கேட்டதை உங்களுக்காக நினைவில் வைத்துக்கொள்ளாது. இன்றைய ஆட்டங்களுக்குப் பழகியவர்களுக்கு இதுதான் முதல் எரிச்சல். நாட்குறிப்புப் பக்கம், தேடல் பட்டியல், ‘இதுவரை கண்டுபிடித்தவை’ எதுவும் இல்லை. பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு இழையைப் பற்றியும் ஒரு குட்டிக் கதை, பக்கத்தில் சுரங்களைப் பென்சிலால் குறிக்க வெற்று இடம். பிரதி எடுப்பதைத் தடுக்க, சிவப்புத் தாள் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தும் அதில் உண்டு. அந்தப் புத்தகம் கிடைத்தால் நல்லது, ரசித்துப் படிக்கலாம். ஆனால் அதில் வரும் இழைகளில் பல ஆட்டத்துக்குள் வரவே வராது. இது எங்கே கிடைக்கும் என்று தேடி அலையாதீர்கள்.

என் முதல் ஆட்டத்தில் நான் சுரங்களை மருந்துக்கடைப் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்தேன். மறுநாள் வீடு பெருக்கியபோது பில் போய்விட்டது. தீவை விட்டு ஏற்கெனவே வெளியேறியிருந்தேன், திரும்பிப்போக வழியில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். ஆக, நோட்டு.

எப்படி எழுதுவது? கோலில் சுரங்களுக்கு மேற்கத்திய எழுத்துகள்: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, பிறகு மேல் சி. இவை நமக்குத் தெரிந்த சங்கராபரணத்தின் சுரங்களேதான். ச ரி க ம ப த நி, மேல் ச. எனவே நான் சுரத்திலேயே எழுதிக்கொள்கிறேன். இதில் இரண்டு லாபம். பாடிப் பார்த்து நினைவில் வைக்கலாம். ஆங்கில எழுத்தில் எழுதினால் அது வெறும் பூட்டு எண் மாதிரி இருக்கும். அப்புறம், கீழ் சியையும் மேல் சியையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். மேல் ச என்றால் தலையில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது.

நோட்டில் நான்கு கட்டம் போதும்: எங்கே கேட்டேன், என்ன சுரம், அது செய்வது என்ன என்று நினைக்கிறேன், திருப்பினால் என்ன ஆகும். கடைசிக் கட்டம் ஏன் என்பது கீழே.

விடைக் குறிப்புகளைப் பார்த்துச் சுரங்களை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: பெரும்பாலான இழைகளின் சுரங்கள் ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் மாறும். யாரோ எழுதி வைத்த சுரம் உங்களுக்கு வேலை செய்யாது. இதை யோசித்துச் செய்தவருக்கு ஒரு கும்பிடு.

எந்தக் கடினநிலை

மூன்று உண்டு. பயிற்சி நிலையில் நீங்கள் வாசிக்கும் சுரங்களைத் தனிக் கட்டத்தில் எழுதியும் காட்டும். வழக்கமான நிலையில் கோலில் எழுத்துகள் இருக்கும், ஒலிக்கும் சுரம் ஒளிரும். நிபுணர் நிலையில் எழுத்தும் இல்லை, ஒளியும் இல்லை, காதுதான்.

முதல் முறைக்கு வழக்கமான நிலை. பயிற்சி நிலையில் கண் கட்டத்தின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது, காது வேலை செய்வதில்லை. காது சரியாகக் கேட்காதவர்களுக்கும், சுரஞானம் இல்லை என்று கூச்சப்படுகிறவர்களுக்கும் வழக்கமான நிலையே போதுமானது. ஒளிர்வதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

முதல் அரை மணி நேரம்

பாபின் ஒரு மலை விளிம்பில் நிற்கிறான். இலை ஒன்று உதிர்கிறது. கீழே இறங்கி ஊருக்குள் போங்கள். சபையில் மூப்பர்கள் பேசும் காட்சி வரும். எஸ்கேப் அழுத்தித் தாண்டிவிடாதீர்கள். கதை அங்கே இருக்கிறது என்பதோடு, காட்சிகளுக்குள்ளேயே சுரங்கள் ஒலிக்கும். புரிகிறதோ இல்லையோ, கேட்ட சுரத்தை எல்லாம் எழுதுங்கள்.

அது முடிந்து கோல் கைக்கு வந்ததும் கிடைக்கும் முதல் இழை ‘திற’. இது எல்லோருக்கும் ஒன்றுதான்: க ச க ரி. ஒரு முட்டை இருக்கும். அதன் மேல் போட்டுப் பாருங்கள். வாசித்த நொடியில் உங்களுக்கே தெரிந்துவிடும், இந்த ஆட்டம் பிடிக்குமா பிடிக்காதா என்று.

பிறகு அவசரப்படாமல் தீவைச் சுற்றுங்கள். கூடாரங்களுக்குள் நுழையுங்கள், காட்டுக்குள் போங்கள், கண்ணில் படுவதையெல்லாம் இரண்டு முறை சொடுக்குங்கள். சாயம் காய்ச்சும் பாத்திரம் ஒன்று இருக்கும், அது ஓர் இழையைச் சொல்லித்தரும். நூற்கும் ராட்டை இன்னொன்றைச் சொல்லும். காட்டில் மரப்பொந்துகள் இருக்கும்; வரிசை முக்கியம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். தீவில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமல் தீவை விட்டுக் கிளம்பக்கூடாது. கிளம்புவதற்கு முன் எஃப்5 அழுத்திச் சேமியுங்கள். புதிய இடம் ஒவ்வொன்றுக்கும் புதிய பெயரில் சேமிப்பு. பழையதன் மேல் எழுதாதீர்கள்.

மந்திரத்தைத் திருப்பிப் போடுவது

லூமின் உயிர்நாடி இதுதான். ஓர் இழையைப் பின்னிருந்து முன்னாக வாசித்தால் அது எதிர்வேலை செய்யும். க ச க ரி திறக்கும் என்றால் ரி க ச க மூடும். சாயம் ஏற்றும் இழையைத் திருப்பினால் சாயம் போகும். காலியாக்குவதைத் திருப்பினால் நிரம்பும். நோட்டின் நான்காவது கட்டம் இதற்குத்தான்.

புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. ‘எனக்கு வேண்டிய மந்திரம் இன்னும் கிடைக்கவில்லை’ என்று ஊரெல்லாம் தேடுவார்கள். அது தலைகீழாக அவர்கள் நோட்டிலேயே கிடக்கும். நானும் ஓர் இடத்தில் இப்படி முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறேன்.

இன்னொன்று, ‘திற’ என்ற சொல்லைக் கதவோடு கட்டிப் போடாதீர்கள். தமிழில் எதையெல்லாம் திறக்கிறோம்? கண், வாய், மனம், மடை. அந்தத் தாராளத்தோடு யோசியுங்கள். தீவை விட்டு வெளியேறும் வழி திறக்கவே முடியாது என்று நீங்கள் நினைக்கும் ஒன்றைத் திறப்பதில் இருக்கிறது. மலை விளிம்புக்குத் திரும்பப் போய் அண்ணாந்து பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் எனக்குப் பாவம்.

சிக்கிக்கொண்டால்

முதலில் ஒரு நிம்மதி. லூமில் சாக முடியாது. அதே காலத்தில் சியரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் ஆட்டங்களில் படிக்கட்டில் ஓர் அடி தள்ளி வைத்தாலே உயிர் போய்விடும். எப்போதோ எடுக்கத் தவறிய பொருளுக்காகக் கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. லூமை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே இதைத் தவிர்த்தார்கள். எனவே பயமில்லாமல் எதையும் எதன் மேலும் போட்டுப் பாருங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. நோட்டைத் தொலைத்தால் தவிர.

முட்டி நிற்கும்போது நான் செய்வது இது. நோட்டைத் திறந்து, இதுவரை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத இழை எது என்று பார்ப்பேன். இந்த ஆட்டத்தில் இழைகள் பலவும் ஓரிரு முறைக்கு மேல் பயன்படுவதில்லை. பயன்படாமல் கிடப்பதற்குத்தான் அடுத்த வேலை காத்திருக்கும். பிறகு அதைத் திருப்பிப் பார்ப்பேன். அப்புறமும் நகரவில்லை என்றால், இந்த இடத்தில் எதை ‘ஒரு முறை’ சொடுக்க முடிகிறது என்று சுட்டியை மெதுவாக நகர்த்திப் பார்ப்பேன். மந்திரத்துக்கு இலக்காகக்கூடிய பொருள் ஒரு திரையில் இரண்டு மூன்றுதான் இருக்கும். அதிலேயே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

சிலசமயம் இழை ஒரு பொருளிடமிருந்து வராது; ஒரு நிகழ்ச்சியில் வரும். யாராவது ஒன்றைச் செய்வார்கள், அப்போது சுரம் ஒலித்துவிட்டுப் போய்விடும். அது இரண்டாம் தரம் வருமா என்பது இடத்தைப் பொறுத்தது. பென்சில் கையிலேயே இருக்கட்டும்.

தீவுக்கு அப்பால்

அங்கே போன பிறகு உங்களுக்கு வழிகாட்டி தேவைப்படாது. பச்சைக் கண்ணாடியில் கட்டிய நகரம், மேய்ப்பர்களின் புல்வெளி, கொல்லர்களின் பட்டறை என்று ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒவ்வோர் இடம். ஒவ்வோர் இடத்திலும் கற்றது அடுத்த இடத்துக்குச் சாவி. இசையைக் கொஞ்சம் கூட்டி வைத்து ஆடுங்கள். ஆட்டத்தின் பின்னணி இசை சைக்கோவ்ஸ்கியின் ‘அன்னங்களின் ஏரி’ பாலே இசையிலிருந்து எடுத்தது. 1877இல் மாஸ்கோவில் முதலில் அரங்கேறியது. அன்னமாக மாறிய பெண்ணைப் பற்றிய கதைக்கு அன்னமாக மாறிய பெண்ணைப் பற்றிய இசை. இசையையே ஆயுதமாகக் கொண்ட ஆட்டத்தில் இப்படி ஒரு தேர்வு பொருந்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எரிச்சல்கள், முன்கூட்டியே

தெரிந்துகொண்டு போனால் கோபம் வராது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் எளிது. புதிர் ஆட்டங்களில் ஊறியவர்களுக்கு ரொம்பவே எளிது. வெளிவந்த காலத்திலேயே, கொடுத்த காசுக்கு நீளம் போதவில்லை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்றைய விலையில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

என்னுடைய உண்மையான குறை வேறு. மந்திரத்தை எதன் மேலும் போடலாம் என்று ஆட்டம் ஆசை காட்டுகிறது. உலகமே இழைகளால் ஆனது என்கிறது. ஆனால் முன்கூட்டியே எண்ணி வைத்த சில பொருள்களைத் தவிர வேறெதுவும் அசையாது. ஆட்டின் மேல் சாயம் ஏற்றலாம், சரி; அந்த மேய்ப்பனின் தொப்பி மேல் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் அது இலக்காகவே வராது. ஒரு புதிருக்கு ஒரு விடை, அவ்வளவுதான். இவ்வளவு அருமையான கருவியைக் கொடுத்துவிட்டு விளையாட இடம் கொடுக்காமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது. எதிர்பாராத இடத்தில் திருப்பிப் போட்ட மந்திரத்துக்கு ஒரு கிண்டலான பதில் வசனமாவது எழுதி வைத்திருந்தால் ஆட்டம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று முடிவு. கடைசிப் பகுதி வேகமாக ஓடுகிறது. முக்கியமான சிலருடைய கதை பாதியில் நிற்கிறது. தொடர்ச்சியாக இரண்டு ஆட்டங்களுக்கு எண்ணம் இருந்தது. ‘ஃபோர்ஜ்’ கொல்லர் பட்டறைப் பையன் ரஸ்டியைப் பற்றியது, ‘தி ஃபோல்ட்’ மேய்ப்பர் பெண் ஃப்ளீஸைப் பற்றியது. இரண்டும் வரவில்லை. முடிவுத் திரையைப் பார்த்துவிட்டு ஏதோ கோப்பு கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படாதீர்கள். முடிவே அதுதான்.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாபின் மெதுவாக நடப்பான். வேகமாக நடக்க வைக்க முடியாதா என்று தேடுவதைவிட, அந்த நேரத்தில் பின்னால் வரைந்திருப்பதைப் பார்ப்பது மேல்.

முடித்த பிறகு

இதே நிறுவனம் அதே 1990இல் வெளியிட்ட மங்கி ஐலண்ட் முதல் ஆட்டத்தில், மதுக்கடையில் ஒரு கடற்கொள்ளையன் ‘லூம் பற்றி என்னிடம் கேள்’ என்று சட்டையில் பட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேறெதற்கும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாதவன், லூம் என்றதும் விளம்பரக்காரன் மாதிரி பொழிந்து தள்ளுவான். அடுத்து ஆட வேண்டியது அதுதான். அங்கே மூட்டை, வினைச்சொல், ரப்பர் கோழி எல்லாம் உண்டு.

லூமையே இரண்டாம் தரம் ஆடுவதானால் நிபுணர் நிலை. தொடங்கியதும் கோலில் இருக்கும் சுரங்களை ஐந்து நிமிடம் வெறுமனே வாசித்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சரளி வரிசை பாடிப் பழகியவர்களுக்கு இது பாட்டு வகுப்பின் முதல் நாள் மாதிரி இருக்கும். மற்றவர்களும் பயப்பட வேண்டாம். கீழ் ச எது என்பதைக் காது பிடித்துக்கொண்டால் மீதி அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். நெசவாளனின் முக்காட்டுக்குள் எட்டிப் பார்த்தவன் பிழைக்கமாட்டான் என்று ஒரு வதந்தி கதை முழுக்க அடிபடும். ஒருவன் எட்டிப் பார்க்கிறான். அப்போது என்ன நடக்கிறது என்று காட்டும் சின்னக் காட்சி நிபுணர் நிலையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்புங்கள், சுரங்கள் மாறியிருக்கும். பழைய பக்கத்திலிருந்து க ச க ரியை மட்டும் மேலே எழுதிக்கொள்ளலாம்.